எஸ்எஸ்எச்டி அமைவுக் கோப்பில் செய்த மாற்றம் ஏன் நடைமுறைக்கு வரவில்லை?

கேள்வி இதுதான்: வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வர் ஒன்றில் லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு 24.04 ஓடுகிறது. தொலைவிலிருந்து வருபவர்களை அதற்குள் அனுமதிக்கும் பின்னணிச் சேவைதான் எஸ்எஸ்எச்டி. கடவுச்சொல்லால் யாரும் உள்ளே நுழையக்கூடாது, சாவிக் கோப்பு உள்ளவர்கள் மட்டுமே நுழைய வேண்டும் என்பதற்காக, /இடிசி/எஸ்எஸ்எச்/எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக் கோப்பைத் திறந்து, பாஸ்வேர்டுஆதென்டிகேஷன் என்ற வரியின் முன்னிருந்து அதைச் செயலற்றதாக்கிய கட்டக் குறியை (#) நீக்கி, அதன் மதிப்பை 'நோ' என்று மாற்றியிருக்கிறீர்கள். கூடவே இணைப்புகள் வந்து சேரும் வாசலான போர்ட்டின் எண்ணையும் 22-இலிருந்து 2222-ஆக மாற்றிவிட்டு, சேவையை மறுதொடக்கம் செய்திருக்கிறீர்கள். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆனாலும் சர்வர் பழைய 22-ஆம் போர்ட்டிலேயே பதில் சொல்கிறது, கடவுச்சொல்லையும் முன்போலவே கேட்கிறது.

நீங்கள் எழுதிய இரண்டு வரிகளிலும் பிழை இல்லை. முதல் வரி செல்லாமல் போனதற்கு ஒரு காரணமும், இரண்டாவது வரி செல்லாமல் போனதற்கு முற்றிலும் வேறொரு காரணமும் உண்டு. இரண்டையும் தனித்தனியே புரிந்துகொண்டால், எஸ்எஸ்எச்டி மட்டுமல்லாமல் எந்தப் பின்னணிச் சேவையின் அமைவுக் கோப்பைத் தொடும்போதும் அது கைகொடுக்கும். (கோப்புப் பெயர்களையும் கட்டளைகளையும் இங்கே ஒலிப்புப்படி எழுதுகிறேன், தட்டச்சு செய்யும்போது அவற்றின் வழக்கமான ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்துங்கள்.)

டீமன் எனப்படும் பின்னணிச் சேவைக்குத் திரை கிடையாது. தன் நிலையை நம்மிடம் காட்டிக்கொள்ளும் சாளரமும் கிடையாது. எம்ஐடியின் புராஜெக்ட் மேக் குழுவினர் 1960-களில் இப்பெயரை வைத்தபோது, கண்ணுக்குப் புலப்படாமல் ஓயாது மூலக்கூறுகளைப் பிரித்துக்கொண்டிருக்கும் இயற்பியலாளர் மேக்ஸ்வெலின் கற்பனைப் பூதத்தைத்தான் மனத்தில் வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட ஒன்றோடு நாம் பேசும் வழிகளில் முதன்மையானது அமைவுக் கோப்பு. ஆனால் கோப்பில் எழுதியிருப்பது ஒன்று, அந்த நேரத்தில் டீமன் கடைப்பிடிப்பது இன்னொன்று. இவ்விரண்டுக்கும் இடையே எந்தக் கோப்பு முதலில் படிக்கப்படுகிறது, ஒரே அமைவு இரண்டு முறை வந்தால் எது வெல்கிறது, கோப்பு எப்போது மறுபடி படிக்கப்படுகிறது என்ற விதிகள் நிற்கின்றன. இவ்விதிகள் டீமனுக்கு டீமன் மாறும்.

முதலில் கடவுச்சொல் சிக்கலை எடுத்துக்கொள்வோம். எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக் கோப்பின் மேற்பகுதியை நிதானமாகப் பாருங்கள். டெபியன், உபுண்டு இரண்டிலும் அங்கே இன்க்ளூட் என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும், /இடிசி/எஸ்எஸ்எச்/எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி என்ற அடைவில் .கான்ஃப் என்று முடியும் எல்லாக் கோப்புகளையும் இந்த இடத்தில் சேர்த்துப் படி என்பது அதன் பொருள். எஸ்எஸ்எச்டி அடங்கிய ஓப்பன்எஸ்எஸ்எச் தொகுப்பின், 2020-இல் வெளிவந்த 8.2 பதிப்பில்தான் இந்த வசதி சேர்ந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட வழிகாட்டிகள் எல்லாம் ஒரே கோப்புதான் உண்டு என்ற நினைப்பில் எழுதப்பட்டவை. இப்போது அந்த அடைவுக்குள் பாருங்கள். கிளவுட் சர்வர்களில் பெரும்பாலும் 50-கிளவுட்-இனிட்.கான்ஃப் என்ற கோப்பு இருக்கும். சர்வர் முதன்முதலாக உயிர்பெறும்போது கிளவுட்-இனிட் என்ற நிரல் எழுதி வைக்கும் கோப்பு அது. உள்ளே ஒரே வரிதான், பாஸ்வேர்டுஆதென்டிகேஷன் யெஸ். சாதாரணப் பயனராகத் தேடினால் அக்கோப்பைப் படிக்க அனுமதி கிடைக்காமல் போகலாம். ஆகவே நிர்வாகி உரிமை தரும் சூடோ கட்டளையுடன் பாருங்கள். பலர் இந்த இடத்தில் தேடிவிட்டு எதுவும் இல்லை என்று திரும்பிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எஸ்எஸ்எச்டியின் விதி இது: ஓர் அமைவு பல இடங்களில் வந்தால், முதலில் படித்த மதிப்பே நிற்கும், பின்னால் வருபவை கண்டுகொள்ளப்படமாட்டா. இன்க்ளூட் வரி கோப்பின் உச்சியில் இருப்பதால், கிளவுட்-இனிட் எழுதிய 'யெஸ்' முதலில் படிக்கப்பட்டுவிடுகிறது. அதற்குப் பல வரிகள் கீழே நீங்கள் எழுதிய 'நோ' வந்து சேரும்போது அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. இதை டீமன் பிழையாகக் கருதுவதில்லை; அதனால்தான் எச்சரிக்கை எதுவும் வரவில்லை.

பின்னால் எழுதியது முன்னால் எழுதியதை அழித்துவிடும் என்ற எதிர்பார்ப்பு நம்மில் பலருக்கு இயல்பாகவே இருக்கிறது. வேறு பல நிரல்கள் அப்படித்தான் நடந்துகொள்கின்றன. இதே கணினியில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி, ஒற்றை மதிப்புள்ள அமைவுகளில் கடைசியாகப் படித்ததையே ஏற்கும். எனவே சிஸ்டம்டிக்கு எழுதும் துணைக் கோப்பு எல்லாவற்றையும் வெல்ல வேண்டுமென்றால் அதன் பெயர் 99 என்று தொடங்குவது நல்லது. எஸ்எஸ்எச்டிக்கு எழுதும் துணைக் கோப்பு வெல்ல வேண்டுமென்றால் 00 அல்லது 10 என்று தொடங்க வேண்டும். ஒரே சர்வரில், ஒரே சேவையைப் பற்றி, இரண்டு அடைவுகளில், நேர் எதிரான இரண்டு விதிகள். இதை ஒரு தாளில் எழுதி மேசையருகே ஒட்டி வைத்தாலும் தகும் என்றே சொல்வேன்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, அந்தத் துணை அடைவில் 10-சொந்தம்.கான்ஃப் என்பதுபோல ஒரு புதிய கோப்பை உருவாக்கி, பாஸ்வேர்டுஆதென்டிகேஷன் நோ என்ற வரியை அதில் எழுதுவது. 50 என்று தொடங்கும் கோப்பையே திருத்திவிடலாமே என்று தோன்றும். ஆனால் அது கிளவுட்-இனிட்டின் உடைமை, அந்த நிரல் மறுபடி இயங்கும் சூழல் வந்தால் உங்கள் திருத்தம் காணாமல் போகலாம். முதன்மைக் கோப்பைத் தொடாமல் விடுவதற்கும் காரணம் உண்டு: அதில் கைவைத்திருந்தால், தொகுப்பு மேம்படுத்தலின்போது பழைய கோப்பை வைத்துக்கொள்வதா, புதியதை ஏற்பதா என்று கணினி உங்களைக் கேட்கும். அவசரத்தில் தவறான விடையை அழுத்திவிட்டால், நீங்கள் செய்த மாற்றங்கள் அத்தனையும் போய்விடும். தனிக் கோப்பில் இருந்தால் அந்தக் கேள்வியே எழாது. எது உங்களுடையது, எது விநியோகத்தோடு வந்தது என்பதும் ஒரே பார்வையில் தெரியும்.

இத்தோடு முடிந்துவிடவில்லை. கடவுச்சொல் கேட்கும் வழி எஸ்எஸ்எச்டியில் இரண்டு உண்டு. ஒன்று பாஸ்வேர்டுஆதென்டிகேஷன், மற்றொன்று கேபிடிஇன்டராக்டிவ்ஆதென்டிகேஷன், அதாவது விசைப்பலகை வழியே கேள்வி கேட்டு விடை பெறும் முறை. லினக்ஸின் பொதுவான உள்நுழைவுச் சரிபார்ப்பு முறையைப் பயன்படுத்தச் சொல்லும் யூஸ்பாம் என்ற அமைவு 'யெஸ்' என்று இருக்கும்போது இந்த இரண்டாவது வழியும் அதே கடவுச்சொல்லைத்தான் கேட்கும். உள்நுழைபவருக்கு வேறுபாடு தெரியாது. மூல ஓப்பன்எஸ்எஸ்எச்சில் இதன் இயல்பு மதிப்பு 'யெஸ்'. டெபியனும் உபுண்டுவும் தங்கள் கோப்பில் 'நோ' என்று எழுதித் தருகின்றன என்றாலும், வேறு யாராவது மாற்றியிருக்கலாம் என்பதால் உங்கள் கோப்பிலும் அதை 'நோ' என்று எழுதிவிடுங்கள். பழைய வழிகாட்டிகளில் சேலஞ்ச்ரெஸ்பான்ஸ்ஆதென்டிகேஷன் என்று காண்பது இதன் முந்தைய பெயர்தான்.

இன்னொரு பொறியையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் நான் விழுந்திருக்கிறேன். நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சர்வரின் அமைவுக் கோப்பின் அடியில், கோப்புகளை ஏற்றி இறக்க மட்டும் அனுமதி பெற்ற ஒரு குழுவினருக்காக மேட்ச் என்று தொடங்கும் ஒரு பகுதி இருந்தது. கடவுச்சொல்லைத் தடுக்கும் வரியை எக்கோ கட்டளையால் அந்தக் கோப்பின் கடைசியில் சேர்த்தேன். மேட்ச் பகுதி என்பது அடுத்த மேட்ச் வரும் வரை, அல்லது கோப்பு முடியும் வரை நீளும். உள்தள்ளி எழுதுவது நம் கண்ணுக்காகவே, டீமன் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே என் வரி அந்தக் குழுவினரை மட்டுமே கட்டுப்படுத்தியது. மற்ற எல்லாருக்கும் கடவுச்சொல் கதவு திறந்தே கிடந்தது, அதுவும் பல மாதங்கள். அந்தக் குழுவில் இருந்த ஒரு கணக்கை வைத்தே நான் சோதித்துப் பார்த்திருந்ததால் எனக்கு ஐயமே எழவில்லை. பதிவேட்டில் வேறொன்றைத் தேடும்போது, கடவுச்சொல்லால் நுழைந்த ஒரு பதிவைக் கண்ட பிறகுதான் உண்மை தெரிந்தது. நல்ல வேளையாக அது உரிய பயனரே நுழைந்தது. அல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

கோப்பை எழுதி முடித்ததும் மறுதொடக்கக் கட்டளைக்குப் போகாதீர்கள். எஸ்எஸ்எச்டி நிரலுக்கே இரண்டு சோதனைத் தெரிவுகள் உண்டு. சிறிய டி (டெஸ்ட் என்பதன் முதலெழுத்து) சேர்த்து இயக்கினால் இலக்கணப் பிழைகளையும் சாவிக் கோப்புகளின் நிலையையும் சரிபார்த்து, குறையிருந்தால் கோப்புப் பெயரோடும் வரி எண்ணோடும் சொல்லும். குறையில்லையென்றால் பேசாமல் முடிந்துவிடும். ஆனால் உங்கள் முதல் முயற்சியை இந்தச் சோதனை குறையேதும் சொல்லாமல் ஏற்றிருக்கும், ஏனெனில் அதில் இலக்கணப் பிழை இல்லை. உங்களுக்குத் தேவைப்பட்டது அதே எழுத்தின் பெரிய வடிவமான பெரிய டி. அது எல்லாக் கோப்புகளையும் வரிசைப்படி படித்து, முதலில் வந்தது நிற்கும் என்ற விதியைச் செலுத்தி, இயல்பு மதிப்புகளையும் நிரப்பி, இறுதியாக எது நடைமுறைக்கு வரும் என்ற முழுப் பட்டியலையும் அச்சிடும். சூடோவுடன் அதை இயக்கி, வெளியீட்டில் பாஸ்வேர்டு என்ற சொல்லைத் தேடுங்கள். கோப்பைப் பத்து முறை படித்துக் குழம்புவதைவிட இந்த ஒரு கட்டளை மேல். மேட்ச் பகுதிகள் இருந்தால் பெரிய சி (கனெக்‌ஷன் என்பதன் முதலெழுத்து) தெரிவோடு ஒரு பயனரின் பெயரையும் கொடுத்து, அந்தப் பயனருக்கு என்ன விதிகள் பொருந்தும் என்றும் கேட்கலாம். அன்று நான் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். பெரிய டி காட்டுவது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டீமனின் நினைவில் உள்ளவற்றை அல்ல. இந்த நொடியில் புதிதாகத் தொடங்கினால் என்ன நடக்கும் என்பதையே அது காட்டுகிறது. மேலும், சேவை தொடங்கும்போது கட்டளை வரியில் தரப்படும் தெரிவுகள் கோப்பையும் வெல்லும். டெபியன் குடும்பத்தில் அவை /இடிசி/டிஃபால்ட்/எஸ்எஸ்எச் என்ற கோப்பில் எஸ்எஸ்எச்டி_ஆப்ட்ஸ் என்ற மாறியில் ஒளிந்திருக்கலாம். நீங்கள் கையால் இயக்கும் சோதனைக்கு அவை தெரியவே தெரியா. சிஸ்டம்சிடிஎல் கேட் எஸ்எஸ்எச் என்ற கட்டளை, சேவைக் கோப்பையும் அதன் மேல் ஏறியிருக்கும் துணைக் கோப்புகளையும் ஒருசேரக் காட்டும். அதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

எல்லா டீமன்களும் இப்படி நம்மை ஊகிக்க விடுவதில்லை. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தில் பிஜி_செட்டிங்ஸ் என்ற பார்வையைக் கேட்டால், இப்போது நடைமுறையில் உள்ள மதிப்பு எது, அது எந்தக் கோப்பின் எந்த வரியிலிருந்து வந்தது, மறுதொடக்கத்துக்காகக் காத்திருக்கும் மாற்றம் ஏதேனும் உண்டா என்பது வரை சொல்லிவிடும். அங்கே விதி கடைசியில் வந்தது வெல்லும் என்பது. ஆல்டர் சிஸ்டம் கட்டளை எழுதும் தானியங்கிக் கோப்பு எல்லாவற்றுக்கும் பிறகு படிக்கப்படுவதால், கையால் திருத்திய முதன்மைக் கோப்பு அங்கேயும் தோற்றுப்போகலாம். ஒரு டீமனை நல்ல முறையில் வடிவமைக்க விரும்பும் எவரும் அந்தப் பார்வையைப் படித்துப் பார்க்க வேண்டும்.

இப்போது மாற்றத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவது. மறுதொடக்கத்தைவிட ரீலோட் கட்டளையையே நான் விரும்புகிறேன். உபுண்டுவின் சேவைக் கோப்பு, ரீலோட் கேட்டவுடன் முதலில் சிறிய டி சோதனையை ஓட்டும். அது தேறினால் மட்டுமே டீமனுக்கு எஸ்ஐஜிஎச்யூபி என்ற சைகையை அனுப்பும். தொலைபேசி இணைப்பு அறுந்தது என்று முனையத்தில் ஓடும் நிரல்களுக்குச் சொல்லப் பிறந்த சைகை அது. டீமன்களுக்கு முனையமே இல்லாததால், அமைவுகளை மறுபடி படி என்ற பொருளில் அதை எடுத்துக்கொள்ளும் வழக்கம் யூனிக்ஸ் உலகில் வேரூன்றியது. ரீஸ்டார்ட் கேட்டாலோ, ஓடிக்கொண்டிருக்கும் டீமன் முதலில் நிறுத்தப்படும், அதன் பிறகே புதியது தொடங்கும். கோப்பில் பிழை இருந்தால் பழையதும் போய், புதியதும் வராமல் நிற்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர்களின் இணைப்புகள் தனித்தனிச் செயல்முறைகள் என்பதாலும், முதன்மைச் செயல்முறையை மட்டும் நிறுத்து என்ற பொருளில் சேவைக் கோப்பில் கில்மோட் பிராசஸ் என்று எழுதியிருப்பதாலும், அவை இரண்டு வழியிலும் அறுவதில்லை. அந்த உயிர்ப்புள்ள இணைப்புதான் உங்கள் காப்பு. அதை மூடாமல், இன்னொரு டெர்மினலில் புதிய இணைப்பைத் தொடங்கிப் பாருங்கள். சாவியால் நுழைய முடிகிறதா என்று பார்த்தபின், பப்கீஆதென்டிகேஷன் நோ என்ற தெரிவைக் கிளையன்ட் பக்கம் கொடுத்துச் சாவியில்லாமலும் முயலுங்கள். கடவுச்சொல் கேட்காமலேயே அனுமதி மறுக்கப்பட்டால் வேலை முடிந்தது. சேவை வழங்குநர் தரும் உலாவிவழிக் கன்சோல் திறக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள்; அதில் நுழையக் கணக்கின் கடவுச்சொல் தேவைப்படும் என்பதால், ஒரு கடவுச்சொல் அமைக்கப்பட்டிருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இத்தனை பாடு தேவையா என்று யாராவது கேட்டால், எஸ்எஸ்எச் பிறந்த கதையை நினைவுபடுத்துவேன். 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்கும் தாக்குதல் ஒன்று நடந்ததை அடுத்தே டாட்டு இலோனென் இதை எழுதினார். இன்று வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. ஆனால் வலுவற்ற கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்துத் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் ஓய்வதேயில்லை. ஜர்னல்சிடிஎல் கட்டளையால் உங்கள் எஸ்எஸ்எச் சேவையின் பதிவேட்டைப் பாருங்கள், உங்களுக்கே தெரியும்.

அடுத்து போர்ட். இங்கே வரிசை விதி காரணமல்ல. பெரிய டி சோதனையும் 2222 என்றே காட்டும். ஆனாலும் சர்வர் 22-இல்தான் கேட்டுக்கொண்டிருக்கும். உபுண்டு 22.10 முதல், வாசலில் நிற்பது எஸ்எஸ்எச்டி அல்ல, சிஸ்டம்டி. எஸ்எஸ்எச்.சாக்கெட் என்ற அலகு போர்ட்டைத் திறந்து வைத்துக் காத்திருக்கும். முதல் ஆள் வந்து தட்டியபிறகே எஸ்எஸ்எச்டி எழுப்பப்பட்டு, திறந்த அந்த வாசல் அதன் கையில் ஒப்படைக்கப்படும். எனவே எஸ்எஸ்எச்டியை எத்தனை முறை மறுதொடக்கம் செய்தாலும் வாசல் எண் மாறாது.

24.04-இல் இதற்கு ஒரு பாலம் கட்டியிருக்கிறார்கள். எஸ்எஸ்எச்டியின் அமைவுகளில் உள்ள போர்ட், லிசன்அட்ரஸ் மதிப்புகளைப் படித்து, அதற்கேற்பச் சாக்கெட் அலகுக்கான துணைக் கோப்பைத் தானே உருவாக்கும் ஒரு சிறு நிரல் அதில் உண்டு. ஆனால் அந்த நிரல் ஓட வேண்டுமென்றால் சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட் கட்டளையைக் கொடுக்க வேண்டும், அதன்பின் எஸ்எஸ்எச்.சாக்கெட்டை மறுதொடக்கம் செய்ய வேண்டும். போர்ட் வரிக்குச் சற்று மேலே, அந்த அமைவுக் கோப்பின் குறிப்பிலேயே இவ்விரண்டு கட்டளைகளும் எழுதப்பட்டிருக்கின்றன. கட்டக் குறி போட்ட வரிகளை நாம் படிக்காமல் தாண்டிவிடுகிறோம். பாலம் இல்லாத 22.10-ஐ ஒத்த இடைக்காலப் பதிப்புகளில், சாக்கெட் அலகுக்கு நாமே துணைக் கோப்பு எழுத வேண்டியிருந்தது. அங்கே லிசன்ஸ்ட்ரீம் என்பது பட்டியல் வகை அமைவு. புதிய எண்ணை மட்டும் எழுதினால் பழையதோடு சேர்ந்துகொள்ளும். முதலில் மதிப்பில்லாத ஒரு லிசன்ஸ்ட்ரீம் வரியை எழுதிப் பட்டியலைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த வரியில் 2222 என்று எழுத வேண்டும்.

எஸ்எஸ்எச்டியிலும் போர்ட் என்பது முதலில் வந்தது நிற்கும் விதிக்கு விலக்கு. எத்தனை போர்ட் வரிகள் எழுதினாலும் அத்தனையும் சேர்ந்துகொள்ளும். ஹோஸ்ட்கீ, அலவ்யூசர்ஸ் ஆகியவையும் அப்படியே. இந்த விலக்கை நமக்குச் சாதகமாகப் பயன்படுத்தலாம். முதன்மைக் கோப்பில் நீங்கள் எழுதிய 2222 வரியை மறுபடி கட்டக் குறியிட்டு அணைத்துவிட்டு, உங்கள் 10-சொந்தம்.கான்ஃப் கோப்பில் போர்ட் 22 என்று ஒரு வரியும், போர்ட் 2222 என்று ஒரு வரியும் எழுதுங்கள். தீச்சுவரில் 2222-ஐத் திறந்துவிடுங்கள். உள்ளே இருக்கும் யூஎஃப்டபிள்யூ மட்டுமல்ல, வழங்குநரின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் தனியாக ஒரு தீச்சுவர் இருந்தால் அதிலும். பிறகு டீமன்-ரீலோட், சாக்கெட் மறுதொடக்கம். திறந்திருக்கும் போர்ட்களைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையை டிஎல்என்பி தெரிவுகளோடு இயக்கினால் இரண்டு எண்களும் திறந்திருப்பதும், அவற்றைப் பிடித்திருக்கும் செயல்முறையாகச் சிஸ்டம்டியின் பெயர் இருப்பதும் தெரியும். 2222 வழியாக ஓரிரு நாள் சிக்கலின்றி நுழைந்து பழகிய பிறகு, 22 என்ற வரியை நீக்கிவிட்டு, அதே இரண்டு கட்டளைகளை இன்னொரு முறை கொடுங்கள்.